நிற்கத் தெரியாத கால்

அளவெடுக்கப் போனவள் ஆசையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். இதுவரை நடந்த கதையைப் பிழிந்தால் சாறு இவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கணக்கு டீச்சர், தான் நடத்தும் பெண்கள் பாட்டுக்குழுவின் டிரம் செட்டுக்கு உறை தைக்க டெய்லரம்மாவைக் கூப்பிட்டாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பெரிய டிரம்மைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுக்கும்போது டெய்லரம்மாவின் முழங்கை அதன் தோலில் இடித்துவிட்டது. தும். அந்தச் சத்தம் காதுக்குப் போகவில்லை. நேரே விலா எலும்புக்குள் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

உறை தைத்தாயிற்று. அரை அங்குலம் பிசகவில்லை. ஆனால் ஒன்றின் சுற்றளவெல்லாம் தெரிந்து, அதன் குரல் மட்டும் சரியாகத் தெரியாமல் இருந்தால் மனது எப்படி அடங்கும்?

அடங்காத மனதை அவள் சொந்தக்காரர்கள் நடுவில் அவிழ்த்துவிட்டாள். புருஷனின் சித்தப்பா வீடு. எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். "எனக்கு டிரம் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். நாற்பத்து நாலு வயதில் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாய் சும்மா இருக்காத மனிதர். "இவளுக்கு ஊசியில நூல் கோக்கவே ரெண்டு கண்ணாடி வேணும். டிரம் எங்க இருக்குன்னு தடவித் தடவிப் பாத்துதான் அடிப்பா" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. டெய்லரம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அது ஆயிற்று ஐந்து மாதம்.

அவருக்கும் வீம்பு. அவளாகப் பேசட்டும் என்று இவர், அவராக வரட்டும் என்று இவள். நடுவில் மாட்டிக்கொண்டது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரே மகள். அவள்தான் இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோகிறாள், இரண்டு பக்கத்துக்கும் வாதாடுகிறாள். அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

பேச்சை நிறுத்தியவள் ஆசையை நிறுத்தவில்லை. மூன்று மாதமாகப் பயிற்சி. கடையில் வாங்கிய சாமான் என்றால் ஒரு ஜோடி குச்சி மட்டும்தான். டயர் கடையில் கேட்டு வாங்கிய பழைய டியூபை வெட்டிப் பலகையில் இழுத்து ஆணி அடித்தாள். அது நடுவில் இருக்கும் சின்ன டிரம். இஸ்திரி மேஜையின் ஓரம், வலது கை தட்டுவதற்கான பித்தளைத் தட்டு. காலால் மிதிக்கிற பெரிய டிரம்முக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கீழ்வீட்டுக்காரர் முசுடு. அதனால் ஒரு கம்பளித் துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதை மிதித்தாள். காதில் செல்போன் ஒயர். அதற்குள் ஒன்று 'டிக், டிக்' என்று காலம் காட்டும். பாடம் சொல்லிக்கொடுக்க வீடியோவில் ஓர் ஆள். அந்த ஆளை இவள் பார்ப்பாள். இவளை அந்த ஆள் பார்க்க முடியாது.

வெளியே கேட்பவர்களுக்கும் சத்தம் இல்லை, வாசிப்பவளுக்கும் இல்லை. ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்த மாதிரி.

போன ஞாயிறு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டாள். டிரம் வாசிக்கிற நர்ஸ் பெண்ணுக்கு வெளியூர் மாற்றல். "கத்துக்கறீங்களாமே, உங்க பொண்ணு சொன்னா. வர்ற ஞாயிறு மூணு மணிக்கு வந்து வாசிச்சுக் காட்டுங்க. அந்த ஸ்டூல்ல யாரை உக்கார வைக்கிறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

அந்த ஞாயிறு இன்றுதான்.

* * *

விடிந்ததும் டெய்லரம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை. நேரே இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

பாடம் ஒன்றுதான். மூன்று மாதமாக அதே ஒன்று. ஒண்ணுக்குக் கால். ரெண்டுக்கு இடது கை. மூணுக்குக் கால். நாலுக்கு இடது கை. வலது கை எல்லாவற்றுக்கும் மேலே விடாமல் தட்டிக்கொண்டே போகும். கால் ஒன்று கேட்கும், கை அதற்குப் பதில் சொல்லும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் கிடையாது. இப்படி ஒரு பேச்சு இந்த வீட்டில் நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் உள்ளறையில் வெறும் தரையில் குப்புறப் படுத்திருந்தார். இருபத்தைந்து வருஷம் லிஃப்டுக் குழிக்குள் குனிந்து நிமிர்ந்த முதுகு. மெத்தை ஆகாது, தரைதான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாள் அப்படியே கிடப்பார்.

அவர் குரல் கொடுத்தார். "வக்கீலம்மா, இங்க வா."

மகள் போனாள். உள்ளே ஏதோ முணுமுணுப்பு. டெய்லரம்மா ஒரு பக்கத்து ஒயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கவனித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

மகள் திரும்பி வந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லம்மா. டீ ஆறிப்போச்சாம்."

"நான் இன்னும் டீயே போடலையே?"

வக்கீல் ஒரு நொடி முழித்தாள். "அதான். போடறதுக்குள்ளயே ஆறிடுச்சுன்னு கிண்டல் பண்றாரு."

டெய்லரம்மா ஒயரைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டாள். கிண்டல்தானே. அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அவர் பேச்சு இல்லாமல் அவளுக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து, மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லுவார். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாமியாரும் மருமகளும் ஒரு மணி நேரம். கதவைத் திறந்தபோது இருவரும் சமாதானமாகி, லிஃப்டுக் கம்பெனியைச் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தார்களாம். இப்போது அந்தக் கதையெல்லாம் உள்ளறையில் மகளுக்கு நடக்கிறது. அந்த நேரம் பார்த்து டெய்லரம்மாவுக்கு மிஷினின் அடிநூல் பாபின் தீர்ந்துபோகும். மிஷினை நிறுத்திவிட்டு, தீராத பாபினை எடுத்து மெதுவாக மாற்றிக்கொண்டிருப்பாள்.

* * *

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அம்மாவும் மகளும் டயர் கடை மாடியில் இருந்தார்கள். இடுப்புயரத்துக்குப் படிக்கட்டுச் சுவரெல்லாம் கறுப்பு. டயர் உருட்டி ஏற்றிய தடம். மேலே அறை முழுக்க ரப்பர் வாசனை. ஜன்னல்களைப் பழைய கோரைப்பாய்களால் அடைத்திருந்தார்கள்.

கீபோர்டு முன்னால் டீச்சர். அவளுக்குப் பக்கத்தில், பாடுகிற தபால்காரம்மா. தெருத்தெருவாக நடந்து காய்ந்த முகம், அதில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"வாங்க டெய்லரம்மா. உறைக்கு உங்க கையால போட்ட முடிச்சு, நீங்களே அவிழுங்க. எங்களால அவிழ்க்கவே முடியறதில்ல. அதை அவிழ்க்கப் பயந்துக்கிட்டேதான் அந்த நர்ஸ் பொண்ணு மாற்றல் வாங்கிட்டா" என்றாள் தபால்காரம்மா.

சிரிப்பு வந்தது. டெய்லரம்மா உறைகளை ஒவ்வொன்றாக உருவினாள். உள்ளே இருந்தவை அப்படியே பளபளவென்று இருந்தன. நல்லாத்தான் தைத்திருக்கிறோம் என்று ஒரு சின்னத் திருப்தி.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது கால் பெடலைத் தேடிக் கண்டுபிடித்தது. குச்சியை எடுத்து நடு டிரம்மில் ஒன்று வைத்தாள்.

அம்மாடி!

டியூப் ரப்பர் குச்சியை முழுங்கும். இது குச்சியைத் திருப்பிக் கொடுத்தது. அவள் தூக்குவதற்கு முன்னால் குச்சி தானாக எம்பி வந்து கையில் நின்றது. இன்னொன்று வைத்தாள். இன்னொன்று. மூன்று மாதமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு முதன்முதலாகச் சுவர் பதில் சொன்ன மாதிரி இருந்தது. கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் தெரிந்துவிடுமே என்று அப்படியே இருந்தாள்.

"பழகிட்டீங்களா? ஆரம்பிக்கலாமா? நீங்க எண்ணுங்க, நாங்க சேந்துக்கறோம்" என்றாள் டீச்சர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

கீபோர்டு எழுந்தது. தபால்காரம்மா ஒரு மெட்டை வாய்க்குள் முனகினாள். டெய்லரம்மாவின் வலது கை தட்டில் ஓடியது, இடது கை சரியாக விழுந்தது, கால் மிதித்தது. அறை நிறைந்தது. ஆறு மாதமாக விலாவுக்குள் உட்கார்ந்திருந்தது எழுந்து ஆடியது. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசியையும் துணியையும் பார்ப்பது போல. கைகள் பிசகவில்லை. இதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

அப்போது தபால்காரம்மாவின் முனகல் நின்றது. அப்புறம் கீபோர்டு.

"டெய்லரம்மா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

கைகள் நின்றன. கால் நிற்கவில்லை. தும், தும், தும் என்று மூன்று முறை தனியாக ஓடிவிட்டு அப்புறம் ஓய்ந்தது.

தபால்காரம்மா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கை ரெண்டும் ஒழுங்கா நம்ம கூட வருது. கால் மட்டும் யாரையோ தொரத்திட்டுப் போகுது."

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் குந்தினாள். "ஒண்ணுக்கும் மூணுக்கும்தான் கால். நீங்க நாலுக்கு நாலும் மிதிக்கிறீங்க. இடது கை அடிக்கிற அடி அதுல முழுகிப்போகுது."

"இல்லையே டீச்சர், ஒண்ணுக்கும் மூணுக்கும்தான் மிதிக்கிறேன்."

"கைய எடுத்துட்டு, காலை மட்டும் மிதிச்சுக் காட்டுங்க."

மிதித்தாள். டீச்சர் அவள் முழங்காலில் கையை வைத்தாள். "ஒண்ணு சொன்னீங்க, மிதிச்சீங்க. சரி. இப்ப ரெண்டு சொல்றீங்க. பாருங்க, குதிகால் எறங்கி, திரும்பவும் முன்கால் போய் விழுது. நீங்க மிதிக்கல, அதுவா மிதிக்குது."

டெய்லரம்மா முதன்முறையாகத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. முன்கால், குதிகால். முன்கால், குதிகால். தையல் மிஷினின் மிதிக்கட்டையில் முப்பது வருஷமாக ஆடிய ஆட்டம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குத் தையல் பழக்கம். பதினாலு வயதில் மிஷினில் உட்கார வைத்தபோது சொன்ன முதல் பாடமே அதுதான்: துணி முடிகிறவரை கால் நிற்கக் கூடாது.

கம்பளித் துண்டின் மேல் அது எத்தனை தரம் விழுந்தது என்று கேட்டதே இல்லை. காதில்தான் வேறொன்று 'டிக், டிக்' என்று சொல்லிக்கொண்டிருந்ததே.

இன்னும் நாலைந்து முறை முயன்றாள். காலை நினைத்தால் கை குழம்பியது. கையை நினைத்தால் கால் கிளம்பியது. நெற்றி வியர்வை மூக்குக் கண்ணாடியில் சொட்டியது.

டீச்சர் எழுந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் கணக்கு கணக்குத்தான். "கை நல்லா இருக்கு. நான் எதிர்பாத்ததைவிட நல்லாவே இருக்கு. ஆனா, அடுத்த ஞாயிறு இன்னொரு பொண்ணு வர்றா. சொந்தமா செட்டே வச்சிருக்கா. அவ வாசிச்சதும் நீங்களும் ஒரு தடவை வாசிங்க. கால் நின்னா, ஸ்டூலு யாருக்குன்னு நிஜமாவே யோசிக்கறேன். நிக்கலைன்னா என்னைக் கோவிச்சுக்காதீங்க."

"ஏழு நாள்ல நிக்குமா டீச்சர்?"

"அதை உங்க காலைத்தான் கேக்கணும்."

டெய்லரம்மா உறைகளை மாட்டினாள். முடிச்சுப் போட்டாள். இந்தத் தடவை இளக்கமாக, யார் வேண்டுமானாலும் அவிழ்க்கிற மாதிரி.

* * *

பஸ் நிறுத்தத்தில் வக்கீல் அம்மாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடி வந்துச்சு? அடிச்சு மொக்கை வாங்கினது நானு."

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"திட்டறதா இல்லையான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"இது அப்பாவுக்குத் தெரியும்."

"எது?"

"உன் கால். ரெண்டு மாசமா என்கிட்ட சொல்லிட்டே இருக்காரு. உங்கம்மா கால் ஒரு தடவை மிதிக்க வேண்டிய எடத்துல ரெண்டு தடவை மிதிக்குது, போய்ச் சொல்லுன்னு. காலைல கூப்பிட்டதும் அதுக்குத்தான். இன்னைக்காவது சொல்லித் தொலைன்னு சொன்னாரு."

டெய்லரம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சொல்லல?"

"அவர் சொன்ன விதம் அப்படி! 'நொண்டிக் குதிரை மாதிரி அடிக்குது'ன்னாரு. ஏற்கெனவே ஒரு கிண்டலுக்கு அஞ்சு மாசம் பேசாம இருக்க. நொண்டிக் குதிரைன்னு நான் வந்து சொன்னா அஞ்சு வருஷம் ஆகும். கிண்டல் பண்றாருன்னு நெனச்சு முழுங்கிட்டேன். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்மா. நான் என்னதான் பண்ணுவேன்?"

வந்த பஸ்ஸில் ஏறாமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அது போயிற்று.

"அவருக்கு எப்படித் தெரியும்? நான் கம்பளி மேலதான மிதிக்கிறேன்?"

"தரையில காது வச்சுப் படுத்திருக்காருல்ல? கேக்குதாம். லிஃப்டுல பிரேக் சரியா விடலைன்னா இப்படித்தான் ரெண்டாவதா ஒரு சின்ன இடி இடிக்குமாம். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகின காதாம்."

கோபம் வரவேண்டும். மகள் மேல் வரவேண்டும், அந்த மனிதர் மேல் வரவேண்டும். டெய்லரம்மா அதற்காகக் காத்திருந்தாள்; வரவில்லை. வேறு ஏதோ வந்தது. ஒருத்தரும் கேட்காத ஒன்றை மூன்று மாதமாக வாசித்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். வீடியோ ஆசாமி கேட்கவில்லை, கீழ்வீட்டுக்காரர் கேட்கவில்லை, அவளே கேட்கவில்லை. ஒரு காது மட்டும் தரையோடு தரையாகக் கிடந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"வாரத்துக்கு எத்தனை நாள் கேப்பாரு?"

"தினமும்தான். நீ குச்சிய எடுத்தா அவரு டி.வி.ய அணைச்சுடுவாரு. நீ பாத்ததில்ல?"

அவள் பார்த்ததில்லை. அவள் காதில் ஒயர் இருந்தது.

* * *

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மேஜை மேல் பள்ளிக்கூடச் சட்டைகள் பதினொன்று, பாக்கெட் வைக்காமல் காத்திருந்தன. புதன்கிழமை கொடுக்க வேண்டியவை. டெய்லரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மிஷினில் உட்கார்ந்தாள். மனது சரியில்லாத நாளில் அவளுக்குப் போக்கிடம் அதுதான். இரண்டு காலும் மிதிக்கட்டைக்குப் போயின.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "வக்கீலம்மா, எப்படி ஆச்சு?"

மகள் உள்ளே போய்ச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், தான் முழுங்கிய சேதி உட்பட.

அப்புறம் உள்ளேயிருந்து, "காலை எடுக்கச் சொல்லு."

"அம்மா, காலை எடுக்கணுமாம்."

"எந்தக் காலை?"

"ரெண்டையும் மிதிக்கட்டையில இருந்து எடுக்கச் சொல்லு. ஒரு வாரம் அதைத் தொடக் கூடாது. காலைல அரை மணி நேரம் திருத்திட்டு, பகலெல்லாம் உக்காந்து அதே தப்பைத் தச்சா எப்படி நிக்கும்?"

பேச்சு அவள் பக்கமாகத்தான் வந்தது. விலாசம் மட்டும் மகளுக்கு.

"அப்ப இந்தச் சட்டையெல்லாம் யாரு தைப்பாங்களாம்? லிஃப்டு வந்து தைக்குமான்னு கேளு."

தரையைக் கையால் ஊன்றி எழுந்திருக்கும் சத்தம். 'ஸ்ஸ்' என்று முதுகைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரர் வெளியே வந்தார். மிஷின் பக்கத்தில் ஒரு தலையணையைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மிதிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தைக்கச் சொல்லு."

டெய்லரம்மா காலை எடுத்து ஸ்டூலின் குறுக்குச் சட்டத்தில் வைத்தாள். துணியை ஊசிக்கடியில் தள்ளினாள். அவர் அமுக்கினார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் பட்டென்று அறுந்தது.

"அவசரக் குடுக்கைன்னு சொல்லு. முதல்ல நான் சக்கரத்தைக் கையால சுத்திவிடுவேன். அது கெளம்பினதும்தான் அமுக்கணும்."

"அப்பா, முதல்ல அம்மா..."

"கேட்டுது, கேட்டுது. ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்கேன்."

இரண்டாம் முறை சக்கரம் சரியாகக் கிளம்பியது. அவர் கை மிதிக்கட்டையை ஏற்றி இறக்கியது. பாக்கெட்டின் ஒரு பக்கத்தில் தையல் ஓடி இறங்கியது. மூலையில் நின்று, ஊசியைத் துணியிலேயே வைத்து, துணியைத் திருப்பவேண்டும்.

"நிறுத்தச் சொல்லு."

"அப்பா, நிறுத்து."

நிறுத்தினார். அதற்குள் ஊசி மூலையைத் தாண்டி அஞ்சு தையல் போய்விட்டது. டெய்லரம்மா பிரித்தாள். மறுபடி ஓட்டினார்கள். மறுபடி "நிறுத்தச் சொல்லு," மறுபடி "அப்பா, நிறுத்து." இந்தத் தடவை நாலு தையல். திரும்பவும் பிரித்தாள். ஒரு பாக்கெட் மூலையில் கால் மணி நேரம் போயிற்று. இப்படியே போனால் பதினொரு சட்டையும் அந்தப் பள்ளிக்கூடத்தின் அடுத்த தலைமுறைக்குத்தான்.

அதே மூலைக்கு மூன்றாம் முறை. சக்கரம் கிளம்பியது. தையல் இறங்கியது. அந்த நேரம் பார்த்து வக்கீலின் செல்போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்தபடி ஜன்னல் பக்கம் போய்விட்டாள். ஊசி மூலைக்கு வந்துகொண்டிருந்தது. நாலு தையல். மூணு. சொல்ல ஆள் இல்லை. ரெண்டு.

"நிறுத்துங்க!"

மிஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடி, மூலையை ஒரே ஒரு தையல் தாண்டி நின்றது.

ஜன்னலருகே மகள் தலையைத் தூக்கினாள், உடனே தூக்காதது மாதிரி செல்போனுக்குள் குனிந்துகொண்டாள்.

மேஜைக்குக் கீழேயிருந்து அவர் கேட்டார், மகளிடம் அல்ல. "சரியா நின்னுச்சா?"

டெய்லரம்மா துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு தையல் முன்னாடி நின்னிருக்கலாம்."

"நீ ஒரு தையல் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

அவள் துணியைத் திருப்பினாள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். "ம், போங்க." அவர் அமுக்கினார். "நிறுத்துங்க." நின்றது. "போங்க." போயிற்று. முதல் பாக்கெட் உட்கார்ந்தது. மிதிக்கட்டை பிடித்த நொண்டிக் குதிரைக்கு இரண்டாவது பாக்கெட்டில் வேகம் வந்தது.

"அம்மா." வக்கீல் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள். முகம் சரியில்லை. "டீச்சர் அனுப்பியிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை வர முடியாதாம். வியாழக்கிழமை சாயங்காலம் வர்றாளாம். உன்னையும் அன்னைக்கே வரச் சொல்றாங்க."

ஏழு நாள் நாலு நாளாகச் சுருங்கியது.

டெய்லரம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஸ்டூல் சட்டத்தின் மேல், யாரும் சொல்லாமல், அவர் கை ஆட்டிய ஆட்டத்துக்கு ஏற்ப அதுவும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது மிஷின் நின்றும் லேசாக ஆடியது. ஒரு கொடுமையான நிமிஷத்துக்கு, வேண்டாம், முடியாது என்று டீச்சருக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உடனே அந்தக் குச்சி கையில் எம்பி வந்து நின்ற விதம் நினைவுக்கு வந்தது.

அவள் ஸ்டூலை மிஷினிலிருந்து திருப்பிப் போட்டாள். வலது காலைத் தரையில் வைத்தாள். கம்பளி இல்லாமல், வெறும் தரையில்.

"அந்தக் காதைக் கொஞ்சம் கீழ வைங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் தலையணையைத் தள்ளிவிட்டு, முனகிக்கொண்டே படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டினார். டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஒண்ணு என்றாள். மிதித்தாள். ரெண்டு என்ற இடத்தில் காலை இறுக்கிப் பிடித்தாள்.

"எத்தனை?"

பொய் சொல்லிச் சந்தோஷப்படுத்துகிற வழக்கம் அவருக்கு எந்த நாளும் கிடையாது.

"ரெண்டு" என்றார். "இன்னொரு தடவை மிதி."